வீடு கட்டக் கற்றுத் தருவது யார்?

'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்' என்று நம் முன்னோர் சொல்லி வைத்தார்கள். சொந்தமாக ஒரு வீடு கட்டி முடிப்பதற்குள்ளேயே மனிதனுக்குப் பாதி ஆயுள் போய்விடுகிறது. அப்படியிருக்க, கையில் காசும் காலடியில் நிலமும் இல்லாத ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு வீடு அமையத் துணை நிற்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். லாப நோக்கில்லாத தொண்டு நிறுவன ஊழியர்கள், சமூகப் பணியாளர்கள், அந்தப் பணிக்கு வரும் ஆர்க்கிடெக்டுகள், இன்ஜினீயர்கள் என்று பல தரப்பினர். இவர்கள் இந்த வேலையை எங்கே கற்கிறார்கள்? யார் கற்றுத் தருகிறார்கள்?

இதை எழுதும் நான் சமூகவியல் படித்தவன் அல்லன். சிவில் டிப்ளமோ முடித்துவிட்டு, 1981-இல் ரயில்வேயில் பாதைப் பராமரிப்புப் பிரிவில் சேர்ந்து, இந்த மும்பை நகரத்தின் புறநகர்ப் பாதைகளில் முப்பத்தாறு ஆண்டுகள் நடந்து ஓய்வு பெற்றவன். தண்டவாளத்துக்கும் குடிசைக்கும் நடுவிலேயே என் உத்தியோக காலம் கழிந்தது. ஆகவே மேலே கேட்ட கேள்விக்கு நான் கண்ட வரையில், அறிந்த வரையில் பதில் சொல்ல முயல்கிறேன். அந்தப் பதிலில் நம் தமிழர்களுக்கும் பெரிய பங்கு உண்டு என்பதால், நம் சங்கத்து ஏட்டில் எழுதுவது பொருத்தம் என்றே நினைக்கிறேன்.

நாக்பாடாவில் ஒரு பள்ளிக்கூடம்

நம் நாட்டில் சமூகப் பணிக்கென்று முறையான படிப்பு தொடங்கியது இந்த மும்பையில்தான். 1920-களில் நாக்பாடாவில், மில் தொழிலாளர்களும் ஏழைகளும் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதியில், கிளிஃபர்ட் மன்ஷார்ட் என்ற அமெரிக்கப் பாதிரியார் 'நாக்பாடா நெய்பர்ஹுட் ஹவுஸ்' என்ற அக்கம்பக்க நல மையத்தை நடத்தி வந்தார். அக்கம்பக்கத்தாருக்குத் தொண்டு செய்ய நல்ல மனம் மட்டும் போதாது, பயிற்சியும் வேண்டும் என்பதை அந்த அனுபவத்தில் கண்டுகொண்டார். டாடா அறக்கட்டளையின் ஆதரவோடு 1936-இல் அங்கே சமூகப் பணிக்கான பட்ட மேற்படிப்புப் பள்ளி உருவாயிற்று. இன்று தேவ்னாரில் இருக்கும் டாடா சமூக அறிவியல் கழகம் அந்தப் பள்ளியின் வளர்ச்சிதான்.

அரசும் தன் பங்குக்குச் செய்தது. 1970-இல் ஹட்கோ நிறுவனம் ஏற்பட்டது. 1985-இல் அதன் பயிற்சி நிலையம் டில்லியில் தொடங்கி, நகராட்சி அதிகாரிகளுக்கும் வீட்டுவசதி வாரியத்தாருக்கும் வகுப்புகள் நடத்தியது. 1980-களின் நடுவில் கேரளத்தில் கொல்லத்தில் 'நிர்மிதி கேந்திரம்' தோன்றி, குறைந்த செலவில் கட்டும் முறைகளைக் கொத்தனார்களுக்குக் கற்றுக்கொடுத்தது. பிறகு அதே மாதிரியில் நாடெங்கும் கட்டட மையங்கள் வந்தன.

இவையெல்லாம் நல்ல ஏற்பாடுகள். ஆனால் இவற்றில் ஓர் ஒற்றுமையைக் கவனியுங்கள். படித்தவர் படித்தவருக்குச் சொல்லிக் கொடுக்கிறார், அல்லது படித்தவர் கொத்தனாருக்குச் சொல்லிக் கொடுக்கிறார். அந்த வீட்டில் குடியிருக்கப் போகிறவர் வகுப்பிலேயே இல்லை. அவர் கடைசியில் சாவி வாங்க மட்டும் வருகிறார்.

பைகுல்லாவில் ஒரு கராஜ்

நாக்பாடாவிலிருந்து நடந்து போகிற தூரத்தில்தான் பைகுல்லா. அங்கே 1984-இல் 'ஸ்பார்க்' என்ற தொண்டு நிறுவனம் தொடங்கியது. ஷீலா படேல் முதலான சில சமூகப் பணியாளர்கள், நகராட்சி மருந்தகம் ஒன்றின் கராஜில் உட்கார்ந்து வேலையை ஆரம்பித்தார்கள். அவர்களைத் தேடி வந்தவர்கள் அந்த வட்டாரத்து நடைபாதைகளில் குடிசை போட்டிருந்த பெண்கள்.

அந்தக் காலகட்டம் எப்படிப்பட்டது என்பதை இளைய வாசகர்களுக்கு நினைவூட்ட வேண்டும். 1981 ஜூலையில், நல்ல மழைக்காலத்தில், நடைபாதைவாசிகளைப் பலவந்தமாக அகற்றி அவரவர் சொந்த ஊருக்கே திருப்பி அனுப்பப் போவதாக மாநில அரசு அறிவித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. ஓல்கா டெல்லிஸ் வழக்கு என்று சட்டப் புத்தகங்களில் பெயர். மனுதாரர்களில் ஒருவர், பிழைப்புத் தேடி 1961-இல் சேலத்திலிருந்து இங்கே வந்த கூலித் தொழிலாளி என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அவரைக் குடும்பத்தோடு பஸ்ஸில் ஏற்றிச் சேலத்துக்கு அனுப்பினார்கள். அங்கே வேலை இல்லை; மறுபடி இங்கேயே வந்து சேர்ந்தார். 1985 ஜூலை 10-இல் தீர்ப்பு வந்தது. உயிர் வாழும் உரிமையில் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும் என்று நீதிமன்றம் சொன்னது. அதே சமயம், முறையாக நோட்டீஸ் கொடுத்துவிட்டு நடைபாதைகளைக் காலி செய்யலாம் என்றும் சொன்னது.

எல்லாரும் கலவரம் வரும், புல்டோசர் வரும் என்று எதிர்பார்த்த நேரத்தில், அந்தப் பெண்களும் ஸ்பார்க் ஊழியர்களும் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார்கள். யார் எங்கிருந்து வந்தார்கள், எப்போது வந்தார்கள், என்ன வேலை, என்ன வருமானம் என்று குடிசை குடிசையாகக் கணக்கெடுத்தார்கள். சுமார் 6,000 குடும்பங்களின் விவரம் அதே 1985-இல் அறிக்கையாக வெளிவந்தது. அதுவரை நடைபாதைவாசிகளைப் பற்றிப் பேசியவர்கள் உண்டு. எண்ணிப் பார்த்தவர்கள் இல்லை. அடுத்த ஆண்டு, 1986-இல், அந்தப் பெண்களின் சேமிப்புக் குழுக்கள் 'மஹிளா மிலன்' என்ற பெயரில் ஒன்றுகூடின.

கோலாரிலிருந்து வந்த ஆசிரியர்

இவர்களோடு வந்து சேர்ந்தவர் ஜோக்கின் அற்புதம். கோலார் தங்கவயலில் பிறந்த தமிழர். 1963-இல் பம்பாய்க்கு வந்து தச்சு வேலை செய்தவர். பாபா அணு ஆராய்ச்சி மையத்தை ஒட்டிய ஜனதா காலனியில் குடியிருந்தவர். அந்தக் காலனியில் குப்பை அள்ள யாரும் வரவில்லை. இளைஞர் ஜோக்கின் என்ன செய்தார்? அங்கிருந்த பிள்ளைகளைத் திரட்டி, குப்பையை அள்ளிக்கொண்டு போய் நகராட்சி அலுவலகத்தின் முன்னாலேயே கொட்டச் செய்தார். அதற்குப் பிறகு குப்பை அள்ள ஆள் வந்தது. கூட்டமாகச் சேர்ந்தால் காரியம் நடக்கும் என்பது அவர் கற்ற முதல் பாடம்.

இரண்டாவது பாடம் கசப்பானது. நீதிமன்றம், பாராளுமன்றம் என்று எல்லாப் படிகளிலும் ஏறியும் 1976-இல், நெருக்கடி நிலைக் காலத்தில், ஜனதா காலனி தரைமட்டமாக்கப்பட்டது. சுமார் 70,000 பேர் அருகிலுள்ள சீத்தா கேம்ப்புக்கு மாற்றப்பட்டார்கள். கூச்சல் போட்டு எதிர்ப்பதோடு நிற்காமல், 'இதோ எங்கள் கணக்கு, இதோ எங்கள் திட்டம், இதோ எங்கள் சேமிப்பு' என்று மேஜையின் மேல் எடுத்து வைக்கிற அளவுக்கு ஜனங்கள் தயாராக வேண்டும் என்ற முடிவுக்கு அவர் வந்தார். அவர் தொடங்கிய தேசிய குடிசைவாசிகள் கூட்டமைப்பும், மஹிளா மிலனும், ஸ்பார்க்கும் 1980-களின் நடுவிலிருந்து மூன்று காலுள்ள முக்காலி போலச் சேர்ந்து நின்றன. 2000-இல் அவருக்கு மகசேசே விருதும், 2011-இல் பத்மஸ்ரீயும் கிடைத்தன. 2018 அக்டோபரில் காலமானார். பட்டப் படிப்பு எதுவும் இல்லாத இந்தத் தச்சர், உலகத்தின் பல நாட்டு ஆர்க்கிடெக்டுகளுக்கும் அதிகாரிகளுக்கும் ஆசிரியராக இருந்தார் என்றால் மிகையில்லை.

நான்கு பாடங்கள்

இவர்கள் உருவாக்கிய பயிற்சியில் கரும்பலகை கிடையாது, சான்றிதழ் கிடையாது. பாடங்கள் நான்கு என்று நான் பிரித்துப் பார்க்கிறேன்.

முதலாவது, சேமிப்பு. குழுப் பெண் ஒருவர் தினமும் தன் வரிசையில் வீடு வீடாகப் போய், ஒரு ரூபாயோ ஐந்து ரூபாயோ கொடுத்ததை வாங்கி வருவார். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் ஆரம்பத்தில் ஒவ்வொரு தொகைக்கும் ஒவ்வொரு நிறத்தில் காகிதத் துண்டு வைத்துக் கணக்குப் பார்த்துக்கொண்டார்கள். சேரும் பணம் ஒரு பக்கம். அதைவிடப் பெரிய லாபம், தினமும் கதவைத் தட்டுவதால் யார் வீட்டில் காய்ச்சல், யாருக்கு வேலை போயிற்று, யார் வீட்டில் சண்டை என்பது அத்தனையும் குழுவுக்குத் தெரிந்துவிடும். மாதம் ஒரு முறை ஃபைலோடு வரும் அதிகாரிக்கு இது கிடைக்காது.

இரண்டாவது, கணக்கெடுப்பு. ஒவ்வொரு கதவிலும் சாக்கட்டியால் எண் போடுவார்கள். சந்து சந்தாக நடந்து கையாலேயே வரைபடம் போடுவார்கள். பிறகு அந்தப் பட்டியலை எல்லாருக்கும் முன்னால் உரக்கப் படிப்பார்கள். 'அந்த வீட்டுக்காரர் ஊருக்குப் போயிருக்கிறார், வரப் போகிறார்', 'இந்தப் பெயரில் இங்கே யாரும் இல்லை' என்று திருத்தங்கள் வரும். திருத்தி, மறுபடி படிப்பார்கள். சர்க்கார் ஆள் எடுக்கும் கணக்கில் பொய்ப் பெயர் நுழைவது சுலபம். அக்கம்பக்கத்தார் முன்னால் படிக்கப்படும் கணக்கில் அது கஷ்டம்.

மூன்றாவது, மாதிரி வீடு. பைகுல்லாப் பெண்கள் தங்களுக்கு வேண்டிய வீட்டைத் தாங்களே வடிவமைத்தார்கள். அளவு டேப் எதற்கு? கட்டியிருக்கும் புடவையே டேப். ஐந்தரை மீட்டர் புடவை கிட்டத்தட்ட பதினெட்டு அடி. அதை மடித்து மடித்து நீளம், அகலம், உயரம் எல்லாம் அளந்தார்கள். முதலில் அட்டையில் சிறிதாகச் செய்தார்கள். பிறகு மூங்கிலும் துணியும் வைத்து உண்மையான அளவிலேயே வீட்டை நிறுத்தி, கண்காட்சியாக்கி, மற்றக் குடிசைப்பகுதி மக்களையும் அதிகாரிகளையும் கூப்பிட்டுக் காட்டினார்கள். பதினாலு அடி உயரத்தில் கூரையை வைத்துப் பாதியில் பரண் போட்டால், குறைந்த செலவில் படுக்க இன்னோர் இடம் கிடைக்கும் என்ற யோசனை அப்படி வந்ததுதான். காகிதத்தில் வரைந்த பிளானைப் பார்த்துப் பெரும்பாலோர் தலையாட்டுவார்கள். துணிச் சுவருக்குள் நின்று பார்த்தால்தான் 'மோரி இங்கே வேண்டாம், தண்ணி டிரம் வைக்க இடம் எங்கே?' என்று கேட்கத் தோன்றும்.

நான்காவது, ஊர் ஊராகப் போவது. பைகுல்லாவில் கற்றவர்கள் கான்பூருக்கும் பெங்களூருக்கும் சென்னைக்கும் போய் அங்குள்ள குடிசைவாசிகளுக்குக் கற்றுக் கொடுத்தார்கள். 1991-இலிருந்து தென்னாப்பிரிக்கர்களோடு போக்குவரத்து தொடங்கியது. அங்கே கற்றவர்கள் தங்கள் நாட்டில் கூட்டமைப்பு கண்டார்கள். 1996-இல் பல நாட்டுக் குடிசைவாசிக் கூட்டமைப்புகள் சேர்ந்து ஒரு சர்வதேச அமைப்பையே ஏற்படுத்தின. நடைபாதையில் சோறு பொங்கிய பெண், விமானமேறிப் போய், வேற்று நாட்டில் கணக்கெடுக்கும் விதத்தைச் சொல்லிக் கொடுத்தாள். மொழி தெரியாவிட்டாலும் சாக்கட்டியும் புடவையும் பேசின.

தண்டவாளத்து ஓரம்

இப்போது என் துறைக்கு வருகிறேன். மும்பையில் லோக்கல் ரயிலில் போகாத தமிழர் உண்டா? ஜன்னலோரத்தில் கையெட்டும் தூரத்தில் குடிசைகள் நின்ற காலம் நம் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். உள்ளே இருந்தவர்களுக்குக் குழந்தை தண்டவாளத்தில் தவழ்ந்து போய்விடுமோ என்ற பயம் ராத்திரி பகலாக உண்டு. பாதையைப் பராமரித்த எங்களுக்கு வேறு கவலை. ஸ்லீப்பர்களுக்கு அடியில் போட்டிருக்கும் ஜல்லி சுத்தமாக இருந்தால்தான் மழைத் தண்ணீர் வடியும், வண்டியின் எடையும் சீராக இறங்கும். சாக்கடைத் தண்ணீரும் குப்பையும் சேர்ந்து ஜல்லியை மண்ணாக்கிவிட்டால், எத்தனை முறை கேங்மேன்கள் பேக்கிங் செய்தாலும் பாதை நிற்காது. சிக்னல் சர்க்யூட்டும் கோளாறு செய்யும். வேகத்தைக் குறைக்க 'காஷன் ஆர்டர்' கொடுத்தாக வேண்டும். லட்சக்கணக்கான பயணிகள் தாமதமாவார்கள். ஆகக்கூடி இரண்டு பக்கமும் கஷ்டம்.

1988-இல் தண்டவாள ஓரங்களில் நடந்த கணக்கெடுப்பில் சுமார் 18,000 குடும்பங்கள் இருப்பது தெரிந்தது. அதையொட்டி ரயில்பாதைக் குடிசைவாசிகளுக்கென்றே தனிக் கூட்டமைப்பு அமைந்தது. 1989-இல் மான்குர்டிலிருந்து வாஷிக்குப் போகும் புதுப் பாதைக்காக 181 குடும்பங்கள் இடம் மாற வேண்டியிருந்தது. அவர்கள் சங்கமாகச் சேர்ந்து, சேமித்து, மான்குர்டில் தாங்களே வீடு கட்டிக்கொண்டு மாறினார்கள். 1992-இல் அந்தப் பாதையில் வாஷிக்கு ரயில் ஓடியது. அந்த 181 வீடுகள் சிறியவை; ஆனால் பின்னால் வந்த பெரிய வேலைக்கு அவையே பள்ளிக்கூடம்.

பெரிய வேலை என்பது, உலக வங்கிக் கடனுதவியோடு வந்த மும்பை நகர்ப்புறப் போக்குவரத்துத் திட்டம். கூடுதல் பாதைகள் போட ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நகர வேண்டும். 2000 பிப்ரவரியில் பாதையோரத்தில் 2,000-க்கும் மேற்பட்ட குடிசைகள் இடிக்கப்பட்டன. கூட்டமைப்பு குறுக்கிட்டு அதை நிறுத்தியது. அதன்பின் நடந்ததுதான் அதிசயம். இரண்டு ஆண்டுகளுக்குள் சுமார் 60,000 பேர் போலீஸ் தடியடி இல்லாமல், தாங்களே மூட்டை கட்டிக்கொண்டு, சிலர் நேரே அடுக்குமாடி வீடுகளுக்கும் சிலர் முதலில் இடைக்கால முகாம்களுக்கும் மாறினார்கள். சுமார் ஐம்பது குடும்பங்களுக்கு ஒரு சங்கம் என்ற கணக்கில் அவர்கள் முன்பே பிரிந்து, சேமித்து, பட்டியல் தயாரித்து வைத்திருந்ததால்தான் அது முடிந்தது.

அந்த நாட்களில் பாதையோர அளவீட்டுக்கு ரயில்வே தரப்பில் போனவர்களில் நானும் ஒருவன். முப்பது அடிக்குள் எது வருகிறது என்று குறிக்க வேண்டும். விழுப்புரம் பக்கத்து அம்மா ஒருவர், சேமிப்புக் குழுவின் பொறுப்பாளர், கையில் நோட்டோடு கூடவே வந்தார். நான் டேப்பைப் பிரித்ததும் கேட்டார்:

"சார், உங்க டேப்பு எங்கேர்ந்து ஆரம்பிக்குது? தண்டவாளத்து ஓரத்துலேர்ந்தா, ரெண்டு தண்டவாளத்துக்கு நடுவுலேர்ந்தா?"

"ஏம்மா கேக்கிறீங்க?"

"நடுவுலேர்ந்துன்னா அந்த நாலு வீடும் தப்பிச்சுடும் சார். ஓரத்துலேர்ந்துன்னா போயிடும். எதுவா இருந்தாலும் எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி வைங்க. அப்பத்தான் நான் ஜனங்களுக்குப் பதில் சொல்ல முடியும்."

அகலப் பாதையின் அகலம் 1,676 மில்லிமீட்டர். அதில் பாதி, இரண்டே முக்கால் அடி. அந்த இரண்டே முக்கால் அடியில் நான்கு குடும்பங்களின் விதி அடங்கியிருந்ததை அவர் ஒரே பார்வையில் கணக்கிட்டுவிட்டார். சலுகை கேட்கவில்லை, ஒரே நியாயம் கேட்டார். எந்த இடத்திலிருந்து அளக்கிறோம் என்பதை அன்றே எழுதி, இரு தரப்பும் கையெழுத்திட்டுக்கொண்டோம். பிறகு அந்தப் பகுதியில் அளவைப் பற்றி ஒரு தகராறும் வரவில்லை. தளஅளவையில் ஆரம்பப் புள்ளியை முதலில் நிச்சயிக்க வேண்டும் என்று டிப்ளமோவில் எங்களுக்குச் சொல்லித் தந்ததுண்டு. அதை ஜனங்களோடு சேர்ந்து நிச்சயிக்க வேண்டும் என்பது எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை.

கழிப்பறையும் ஒரு கல்லூரி

இதே முறை பொதுக் கழிப்பறை கட்டுவதிலும் பயன்பட்டது. 1999-இலிருந்து புனே மாநகராட்சி, தொண்டு நிறுவனங்களையும் மக்கள் குழுக்களையும் கொண்டு 400-க்கும் மேற்பட்ட கழிப்பறைத் தொகுதிகளைக் குடிசைப்பகுதிகளில் கட்டியது. மஹிளா மிலன் பெண்களே காண்ட்ராக்டர்களாகச் செங்கல் வாங்கினார்கள், கொத்தனாரோடு பேரம் பேசினார்கள், நகராட்சி இன்ஜினீயரிடம் பில்லைப் பாஸ் செய்து வாங்கினார்கள். அவர்கள் செய்த மாற்றங்களைப் பாருங்கள். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி வாசல். வரிசையில் பெரியவர்கள் முந்திக்கொள்வதால் குழந்தைகளுக்குத் தனி இடம். காவல் காக்கும் குடும்பம் அங்கேயே தங்க ஓர் அறை. தங்கினால்தான் சுத்தம் நிலைக்கும். இவற்றில் எதுவும் பெரிய விஞ்ஞானம் இல்லை. விடியற்காலையில் டப்பாவோடு வரிசையில் நின்றவர்களுக்குத்தான் இது தோன்றும்.

குறையும் உண்டு

எல்லாம் பொன்னாக நடந்தது என்று சொன்னால் அது கட்டுரை ஆகாது, விளம்பரம் ஆகும். போக்குவரத்துத் திட்டத்தில் சாலை விரிவாக்கத்தால் பாதிக்கப்பட்ட கடைக்காரர்கள் தங்களைக் கலந்து பேசவில்லை என்று உலக வங்கியின் விசாரணைக் குழுவிடம் புகார் செய்தார்கள். 2006 மார்ச்சில் வங்கி பணம் கொடுப்பதைச் சில மாதங்கள் நிறுத்தியே வைத்தது. குடியிருப்போருக்குப் பழகிய முறை கடைக்காரருக்கு அப்படியே பொருந்தவில்லை. தொழில் வேறு, வாடிக்கையாளர் வேறு, நஷ்டக் கணக்கு வேறு.

இன்னொன்று, இன்ஜினீயராக என்னை மிகவும் உறுத்துவது. புது வீடு 225 சதுர அடி, சரி, சொந்தம். ஆனால் நகரத்தின் கிழக்கு ஓரத்தில் எழுந்த மறுகுடியேற்றக் காலனிகள் சிலவற்றில் கட்டடத்துக்கும் கட்டடத்துக்கும் நடுவே கை நீட்டினால் எட்டும் போல இடைவெளி. கீழ்த்தளங்களில் பகலிலும் விளக்குப் போட வேண்டும். 2018-இல் வெளியான ஆய்வு ஒன்று, லல்லுபாய் காம்பவுண்டு, நட்வர் பாரேக் காம்பவுண்டு ஆகிய காலனிகளில் வெளிச்சமும் காற்றோட்டமும் குறைவாயிருப்பதையும் காசநோய் மிகுந்திருப்பதையும் சேர்த்துக் காட்டியது. பைகுல்லாப் பெண்கள் ஒரு வீட்டுக்குள் அடுப்பு எங்கே, மோரி எங்கே என்று முடிவு செய்தார்கள். கட்டடங்களுக்கு நடுவே எத்தனை அடி விட வேண்டும் என்ற முடிவு வேறோர் இடத்தில், விதிகளைத் தளர்த்தி எடுக்கப்பட்டது. அந்த மேஜைக்குக் குடியிருப்போர் அழைக்கப்படவில்லை. புடவையால் அளந்தது வாசற்படியோடு நின்றுவிட்டது. அதன் விலையை இன்று நுரையீரல்கள் கொடுக்கின்றன.

ஆகவே பயிற்சி என்பது இருவழிப் பாதை. படித்தவர், குடியிருப்போரிடம் கற்க வேண்டும். குடியிருப்போரும் படித்தவரின் மொழியைக் கற்றாக வேண்டும்: எப்.எஸ்.ஐ. என்றால் என்ன, கட்டடத்துக்கு நடுவே இடைவெளி எவ்வளவு வேண்டும், லிஃப்ட் பராமரிப்புக்கு மாதம் என்ன செலவாகும், காற்று எந்தப் பக்கம் வரும் என்பதெல்லாம். தெரியாதவரைக் கலந்து பேசியதாகக் கையெழுத்து வாங்குவது சுலபம். தெரிந்தவரைக் கலந்து பேசுவதுதான் உண்மையான கலந்தாலோசனை.

நமக்கு இதில் என்ன?

அன்பர்களே, 'இது குடிசைவாசிகள் சமாசாரம், நமக்கென்ன' என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். தாராவியில் தலைமுறை தலைமுறையாகத் தமிழர்கள் வாழ்கிறார்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர்களின் பேரன் பேத்திகள் அங்கே இருக்கிறார்கள். பல முறை அறிவிக்கப்பட்டுப் பல முறை நின்றுபோன மறுசீரமைப்புக்காக, 2024 மார்ச்சில் அங்கே வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. எந்தக் கணக்கெடுப்பிலும் யாருடைய பெயர் விடுபட்டது, எந்தப் பரண் வீட்டுக்காரர் தகுதியில்லை என்று தள்ளப்பட்டார் என்பதுதான் முக்கியம். ரேஷன் கார்டு, மின்சார பில், வாக்காளர் பட்டியல் இவற்றை வரிசைப்படுத்தி வைக்கவும், பட்டியலை உரக்கப் படித்துச் சரிபார்க்கவும் தெரிந்த பத்துப் பேர் ஒரு சந்தில் இருந்தால், அந்தச் சந்தின் கதையே வேறாகிவிடும்.

செம்பூரிலும் மாதுங்காவிலும் முலுண்டிலும் பழைய சொசைட்டிக் கட்டடங்களில் இருக்கும் நமக்கும் இதே பாடம்தான். பில்டர் வருகிறார், வழவழப்பான காகிதத்தில் படம் காட்டுகிறார். 2019-இல் வந்த மாநில அரசின் வழிகாட்டு நெறியின்படி 51 சதவீதம் உறுப்பினர் சம்மதித்தாலே மறுகட்டுமானத்துக்குப் போகலாம். நம் பொதுக்குழுவில் எத்தனை பேர் அந்த வரைபடத்தைப் படித்துப் பார்த்தோம்? கார்ப்பெட் ஏரியா எங்கே முடிகிறது, அடுத்த கட்டடம் எத்தனை அடி தள்ளி எழும்புகிறது என்று யார் கேட்டோம்? பட்டதாரிகள் நிறைந்த நம் கூட்டத்தில் கேட்கத் தயங்கும் கேள்வியை, கைநாட்டு வைத்த நடைபாதைப் பெண்கள் துணிந்து கேட்டார்கள்.

நம் பிள்ளைகள் இன்ஜினீயரிங்கும் ஆர்க்கிடெக்சரும் சமூகப் பணியும் படிக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டுவசதித் துறையில் வேலை செய்ய விரும்பினால், பட்டத்தோடு சேர்த்து ஆறு மாதமாவது ஒரு சேமிப்புக் குழுவோடு வீடு வீடாகப் போய்ப் பாருங்கள். ஒரு சந்தை முழுதாகக் கையால் வரைந்து பாருங்கள். நீங்கள் போட்ட பிளானைத் துணியில் நிறுத்தி, ஒரு பாட்டியை உள்ளே நடக்கச் சொல்லிப் பாருங்கள். அவர் எங்கே இடித்துக்கொள்கிறாரோ, அங்கே உங்கள் அடுத்த பாடம் ஆரம்பம்.

என்னால் ஆனது ஒன்றுண்டு. வரைபடம் படிக்கவும், டேப் பிடித்து அளக்கவும், எஸ்டிமேட்டைச் சரிபார்க்கவும் கற்றுத் தர நான் தயார். சங்கத்தார் ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு மணி நேரம் ஓர் அறை கொடுத்தால் போதும். தாராவியிலிருந்தும் வரலாம், செம்பூர் சொசைட்டியிலிருந்தும் வரலாம். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து கற்கலாம். முக்கியமாகப் பெண்கள் வர வேண்டும். டேப் நான் கொண்டு வருகிறேன்.